சாயம் போகாத பச்சைக் கரை

அம்மனின் தோளில் வைத்திருந்த கையைப் பூசாரி எடுத்தார். உள்ளங்கை சிவந்திருந்தது.

பல வருஷங்களுக்கு முந்தைய ஓர் ஆடி வெள்ளி. அபிஷேகம் முடிந்து, ஈரம் முழுவதும் உலராத மேனியில் சந்தனம் பூசி, அதன்மேல் நான் நெய்த சேலையைச் சாத்தியிருந்தார்கள். திரை விலகியதும் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். கற்பூரம் எரிந்து முடிவதற்குள் முன்வரிசையில் நின்ற ஒரு பெண் விரலை நீட்டினாள். சந்தனத்தின்மேல், இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும், சிவப்பு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, தாயிக்கு ரத்தம் வருதே!"

மேளம் நின்றுவிட்டது. என் மகள் மலர் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பிழைத்ததற்காகத்தான் அந்தச் சேலை.

அவளுக்குக் காமாலை கண்டதையும், என் கையாலேயே ஒரு பட்டு நெய்து சாத்துகிறேன் என்று நான் அம்மனிடம் வேண்டிக்கொண்டதையும் சில மாதங்களுக்கு முன் இந்தப் பத்திரிகைத் தொடரில் எழுதியிருந்தேன். படித்த அன்பர்கள் சிலர் அஞ்சலட்டை போட்டிருந்தார்கள். "மகள் குணமானதை எழுதினீர்கள். வேண்டுதல் சேலையைச் சாத்தினீர்களா, இல்லையா? அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று ஒரு அம்மாள் கேட்டிருந்தார்.

மறந்து விடவில்லை அம்மா. எழுதக் கை வரவில்லை.

நூல் கடையில்

சைனா பட்டு நூல் எங்கள் ஊர் ஆரணிக்குள் வரத் தொடங்கிய புதிது அது. அதற்கு முன் பட்டு என்றால் எங்களுக்குப் பெங்களூர் நூல்தான். ஆடி பிறக்க இன்னும் சில வாரம் இருக்கும்போது நான் நூல் கடைக்குப் போனேன்.

"பெங்களூர் நூலு வந்துகினு இருக்குதுன்னு சொல்றாங்கோ, ஏழுமல. எப்ப வரும்னு எனக்கே தெரியல. சைனா கீது, வேணுமா?" என்றார் கடைக்காரர்.

"அம்மனுக்குங்க."

"அம்மனுக்குன்னா இன்னா, அம்மன் பாஸ்போர்ட்டா கேக்கப் போவுது?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. பாம்பும் தேளும் தின்கிற ஊர்க்காரன் கை பட்ட நூலைத் தாயாருக்குச் சாத்துவதா என்று நினைத்தேன். அப்படி ஒரு ஊரை நான் பார்த்ததும் இல்லை, அந்த ஊர்க்காரர் ஒருவரோடு பேசினதும் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த நாடு வரைபடத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடச் சரியாகத் தெரியாது. அருவருப்பு மட்டும் தெரிந்திருந்தது.

வேறு வழியில்லாமல் அந்த நூலையே வாங்கிக்கொண்டு சரோஜாவிடம் போனேன்.

சரோஜா எங்களுக்கு அடுத்த தெருவில் நூலுக்குச் சாயம் போடுகிறவர். கணவர் இறந்த பிறகு, அவர் விட்டுப்போன செப்புச் சாயக் கொப்பரையின் அடுப்பை அணையவிடாமல், தொழிலை ஒற்றை ஆளாக நடத்திக்கொண்டிருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். எந்த நாளில் பார்த்தாலும் கை மணிக்கட்டு வரை ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். சோறு பிசையும்போதும் அந்த நிறம்தான்.

ஒரு இழையை உருவி, எச்சில் தொட்டு இழுத்து, இரண்டு நகத்துக்கு நடுவில் விட்டுப் பார்த்தார்.

"நல்லா ஒரே சீரா கீதுண்ணா. முடிச்சே தட்டல. இத்த போட்டா தறியில பாவு நூலு அறுவாது."

"சைனா சரக்காச்சேம்மா. சாயம் நிக்குமா?"

"புழுவுக்கு இன்னாண்ணா தெரியும், அது எந்த நாட்டுல கீதுன்னு? எலயத் தின்னுது, நூல வுடுது. நிக்கலன்னா என் கைய வெட்டிக்கோங்க."

கையை வெட்டிக்கொள்ளுங்கள் என்று எங்கள் பக்கம் எல்லாரும் சாதாரணமாகச் சொல்கிற பேச்சுதான் அது. அந்தப் பேச்சை நான் எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்தினேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஒரு டார்ச் லைட்

என் புத்தி எப்படிப்பட்டது என்பதற்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்.

என் சின்ன மாமனார் மகன் துபாயிலிருந்து வந்தபோது எங்களுக்கு ஒரு டார்ச் லைட் கொடுத்தார். கருப்பு நிறம், கைக்கு அடக்கம். ஜப்பான் டார்ச் என்று நானே சொல்லிக்கொண்டேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. தெருவில் கரண்ட் போனால் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். "இன்னா பவுரு பாரு! நம்ம ஊரு டார்ச்சு இருக்குதே, மின்மினிப் பூச்சி" என்று நான் பேசாத பேச்சில்லை.

ஒருநாள் பேட்டரி மாற்றும்போது மூடிக்குள் இருந்த எழுத்தைப் பக்கத்து வீட்டுக் காலேஜ் பையன் படித்தான். சைனாவில் செய்தது. அன்றிலிருந்து அதன் வெளிச்சம் எங்கள் கண்ணுக்குக் குறைந்துபோனது. "எப்ப புட்டுக்குமோ" என்று சொல்லியே அதை உபயோகித்தோம். அது புட்டுக்கவே இல்லை. இன்றைக்கும் என் பூஜை அலமாரிக்குக் கீழே இருக்கிறது, எரிகிறது.

அதே டார்ச், அதே பேட்டரி. மாறினது மூடிக்குள் இருந்த ரெண்டு வரி எழுத்து மட்டும்தான்.

ஒரு குடம் தண்ணீர்

சேலைக்கு உடல் குங்குமச் சிவப்பு, கரை பச்சை என்று தீர்மானம். கரைக்கு வேண்டிய நூலைச் சரோஜா முதல் நாளே பச்சையில் தோய்த்துவிட்டார். மறுநாள் காலையில் உடலுக்கான நூல். அம்மன் காரியம் என்பதால் கொப்பரைக்குத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்ட நான் போயிருந்தேன்.

போகும்போது ஒரு பித்தளைக் குடமும் கொண்டுபோனேன். அதில் கோயில் கிணற்றுத் தண்ணீர். பூசாரியிடம் கொடுத்து, மஞ்சள் போட்டு, வேப்பிலை போட்டு, மந்திரித்து வாங்கிய தீர்த்தம். சைனா நூலின் தீட்டு அதில் போய்விடும் என்று நானே முடிவு செய்திருந்தேன். சரோஜாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார் என்று வெட்கம்.

அந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. தெருவுக்கே தெரியும். அபிஷேகத்துக்குத் தவிர யாரும் மொள்ள மாட்டார்கள். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. சரோஜா இரண்டு தெரு தள்ளிப் போய் நல்ல தண்ணீர் சுமந்து வருவது எதற்காக என்று பத்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியாதா? ஆனால் சாமி தண்ணீரை அப்படி நினைக்கத் தோன்றவில்லை.

கொப்பரையில் சோப்பும் சோடாவும் கொதித்துக்கொண்டிருந்தன. பட்டு நூலில் இயற்கையாக இருக்கும் பசையை அப்படி அவித்து எடுத்த பிறகுதான் சாயம் ஏறும். முதல் நாள் தோய்த்த பச்சை நூலை வெயிலில் திருப்பிப் போட அவர் கொல்லைப்பக்கம் போனார். நான் குடத்தைக் கவிழ்த்தேன்.

குபுகுபுவென்றிருந்த நுரை சட்டென்று அடங்கியது. பால் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் மிதந்தன. அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று என் உடம்பு சிலிர்த்தது. இதை எழுதும்போது கூசுகிறது. அந்த நிமிஷத்தில் என் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது.

சரோஜா திரும்பி வந்து பார்த்தார்.

"இன்னாண்ணா, நொர செத்துப் போச்சு?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்" என்றேன்.

அவர் இன்னும் சோப்பு போட்டார். கழியில் கோத்த நூலைத் திருப்பித் திருப்பிப் போட்டார். பிறகு சாயத்தில் தோய்த்தார். அலசினார். நாலாவது தண்ணீரும் சிவப்பாகவே வந்தது. நூலை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார்.

"பேஜாரா கீதுண்ணா. நூலு மேல இன்னாவோ படிஞ்சிகினு கீது. ரெண்டு நாளு வுடுங்க. மறுக்க அவிச்சித் தோச்சித் தரேன்."

"நாளைக்குப் பாவு போட நாள் பாத்துட்டேம்மா. அது தவறினா அப்பறம் ஆடி முடிஞ்சிடும்."

"எனக்கு மனசு ஒப்பலண்ணா."

"தாயி பாத்துக்குவா, குடும்மா" என்று நூலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நெய்த நாளெல்லாம் விரல் நுனியில் லேசாகச் சிவப்பு ஒட்டியது. புது நூல்தானே என்று துடைத்துக்கொண்டேன்.

மைக்

இனி கோயிலுக்கு வருகிறேன்.

"ரத்தம்" என்று ஒருத்தி சொன்னதும் கூட்டம் பின்வாங்கியது. ஊருக்கு ஏதோ கேடு என்று ஒரு கிழவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு தாய் தன் பிள்ளையைத் தூக்கி முந்தானைக்குள் மறைத்தாள். கோயில் கமிட்டிப் பெரியவர், அர்ச்சனைப் பெயர்களைப் படிக்கிற மைக்கைக் கையில் பிடித்தபடியே என்னிடம் வந்தார்.

"ஏழுமல, இன்னாப்பா இது?"

எல்லார் கண்ணும் என் மேல். என் மகள் மேலும். வேண்டுதலில் குற்றம் என்று யாராவது சொல்லிவிட்டால் அது அந்தக் குழந்தை தலையில்தான் விடியும். மகளை என் பின்னால் இழுத்துக்கொண்டேன். பிறகு தானாக வந்தது:

"சைனா நூலுங்க."

அந்த ஒரு வார்த்தை செய்த வேலையை என்னவென்று சொல்வேன்! மைக் வழியாக அது இரண்டு தெருவுக்குக் கேட்டது. பிறகு எல்லார் மூச்சும் ஒன்றாக இறங்கியது.

"அட, சைனாவா! அதான பாத்தேன்."

"சைனா வாச்சு மாதிரி அம்மன் பொடவையும் ஒரே நாள்ல பூட்சா!"

சிரித்தார்கள். அம்மன் சந்நிதியில், பயம் தெளிந்த சிரிப்பு. அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். "அம்மனுக்குப் போயி எவன்யா சைனா நூல வாங்கச் சொன்னது?" என்று பெரியவர் கேட்டார். மைக் இன்னும் என் வாய்க்கு நேராகவே இருந்தது.

"சாயக்காரி சரோஜாதாங்க. நல்லா நிக்கும், நிக்கலன்னா கைய வெட்டிக்கோன்னு சொன்னா."

சரோஜா பெண்கள் வரிசையில்தான் நின்றிருந்தார். கையில் அர்ச்சனைத் தட்டு. கூட்டம் விலகி அவரைப் பார்த்தது. அவர் என்னை மட்டும் பார்த்தார்.

"ஏழுமலைண்ணா, ரெண்டு நாளு வுடுங்கன்னு நான் கேட்டனா இல்லியா? நீங்களே சொல்லுங்க."

"எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்ல" என்றேன்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அன்றைக்கு ஊதா நிறம். பிறகு யாரோ, "வெட்டிக்கச் சொன்னியே, கத்தி கொண்டாரட்டா?" என்று கிண்டல் செய்ய, இன்னும் பெரிய சிரிப்பு எழுந்தது. அவர் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் போய்விட்டார்.

அலசிய தண்ணீர்

மறுநாள் காலை சேலையைக் கோயிலிலிருந்து திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என் மனைவி கன்னியம்மா அதை வீட்டுக் கிணற்றடியில் அலசினாள். வாளித் தண்ணீர் செம்பருத்திச் சாறு மாதிரி ஆனது. மூன்று முறை மாற்றினாள். பிறகு கரையை மட்டும் தனியாகப் பிடித்து, வெள்ளைத் துண்டில் வைத்துத் தேய்த்தாள். துண்டு வெள்ளையாகவே இருந்தது.

"இன்னாங்க, பச்சையும் அதே நூலுதான?"

"ஆமா."

"அதே சைனா நூலு. அதே சரோஜா கை. அப்போ இது மட்டும் ஏன் ஓடல?"

நான் கொடியில் சேலையைப் போடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பச்சை தோய்த்த நாளுக்கும் சிவப்பு தோய்த்த நாளுக்கும் இருந்த வித்தியாசம் ஒரு குடம் தண்ணீர். அந்தக் குடம் அடுப்படியில், விளக்கிக் கவிழ்த்து, பளபளவென்று இருந்தது.

அன்றே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "சும்மா இரு" என்று மனைவியை அடக்கினேன். அவள் சும்மா இருந்தாள். சில நாள் என்னோடு பேசாமலும் இருந்தாள்.

கவிழ்ந்த கொப்பரை

அதற்குப் பிறகு சரோஜாவிடம் நூல் கொடுப்பவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். "சைனாவுக்கு வக்காலத்து வாங்கறவ" என்று பெயர். பொங்கல் வருவதற்குள் கொப்பரை வாசலில் கவிழ்ந்து கிடந்தது. அதற்குக் கீழே கோழி படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு நான் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஊரே சைனா நூலில் நெய்தது. பாவு அறுவதில்லை, வேலை ஜல்தியாக நடக்கிறது என்று எல்லாரும் அதையே கேட்டு வாங்கினார்கள். நானும்தான். என் தறியில் அந்த நூல் ஏறியபோது யாரும் எதையும் நினைவுபடுத்தவில்லை. சரோஜாவைப் போய் யாரும் கூப்பிடவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய ஜவுளிக் கடைக்குப் போயிருந்தேன். ஒரு அம்மாள் என் சேலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். நான் நெய்தது எனக்குத் தெரியாதா? "எந்த ஊர்ல நெய்தது?" என்றார். விற்பனை செய்கிற பெண் புதுசு போலிருக்கிறது, "ஆரணிங்க" என்று சொல்லிவிட்டாள். காஞ்சிப் பட்டு என்று நம்பியிருந்த அந்த அம்மாள் ஈரத் துணியைத் தொட்டவர் போலக் கையை எடுத்துக்கொண்டார். "அப்ப வேணாம்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அர்ச்சனைத் தட்டைக் கீழே வைத்த இரண்டு கைகள் ஞாபகம் வந்தன. கடையை விட்டு இறங்கிவிட்டேன்.

கம்பெனி பஸ்

செய்யாறு பக்கம் தொழிற்பேட்டையில் ஷூ கம்பெனி ஒன்றில் சரோஜா வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அஞ்சலட்டைகள் வந்த பிறகு, போன மாதம், மதிய ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வந்து நிற்கிற இடத்துக்குப் போனேன். பத்துப் பதினைந்து பெண்கள், ஒரே நிறத்தில் மேல்கோட்டு, கையில் சாப்பாட்டுப் பை. அவர் கொஞ்சம் இளைத்திருந்தார். கையில் எந்த நிறமும் இல்லை. அப்படி நான் பார்த்ததே இல்லை.

"இன்னாண்ணா, வழி தவறி வந்துட்டீங்களா?"

"உன்னைப் பார்க்கத்தாம்மா." சொல்லிவிட்டு, "வேலை எப்படி?" என்றேன்.

"கீது. அடி ஒட்டறேன், ஷூவுக்கு. எல்லாம் வெளிநாட்டுக்குப் போவுது. உள்ள ஒரு துணில ஊரு பேரு போட்டுத் தெச்சி அனுப்பறோம். அத்தப் பாத்துட்டு அந்த ஊரு ஜனம், 'இண்டியாவா, சீச்சீ, வேணாம்'னு சொல்லுமோ இன்னாவோ." சிரித்தார். பக்கத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள்.

நான் தலையைக் குனிந்தபடியே சொன்னேன். "சரோஜாம்மா, அன்னைக்குக் கொப்பரையில நான்தான்..."

"வேப்பெல" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன்.

"கொப்பரையக் கழுவக்கொள்ள அடியில வேப்பெல ஒட்டிகினு இருந்துச்சி. எங்க வூட்டாண்ட ஏது வேப்ப மரம்? காத்துல வந்துச்சோன்னு இருந்துட்டேன். கோயில்ல மைக்கு முன்னால ஞாபகம் இல்லன்னு சொன்னீங்களே, அப்பத்தான் வெளங்கிச்சி. கோயில் கெணத்துத் தண்ணிய ஊத்திக்கீறீங்க."

"தெரிஞ்சிருந்தா அங்கேயே சொல்லியிருக்கலாமேம்மா!"

"இன்னான்னு சொல்றது? சாமி தண்ணி சாயத்தக் கெடுத்துச்சின்னா? தெருவே சேந்து என்ன அடிச்சிருக்கும். நீங்க சைனா கெடுத்துச்சின்னீங்க. எல்லாரும் மண்டைய ஆட்டனாங்க." குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "எம் பையன் பத்தாவதோட நின்னான், தெரியுமாண்ணா? கொப்பரைய எடைக்குப் போட்டுத்தான் அந்த வருசம் ஓட்டனோம்."

பஸ் வந்துவிட்டது. நான் கை கூப்பினேன். "மன்னிச்சிடும்மா."

ஏறப் போனவர் படியில் நின்று திரும்பினார்.

"எங்கிட்ட இன்னாத்துக்குக் குசுகுசுன்னு சொல்றீங்க? அன்னிக்கு மைக்குலதான சொன்னீங்க?"

பஸ் போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். கமிட்டிப் பெரியவர் இப்போது இல்லை, அவர் மகன்தான் மைக் பிடிக்கிறார். இரண்டு முறை அவர் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு முறையும் மலர் பெயருக்கு அர்ச்சனை சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அம்மன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சேலை என் பெட்டியில் இருக்கிறது. இதை எழுதுவதற்கு முன் எடுத்துப் பிரித்தேன். உடல் திட்டுத் திட்டாக வெளிறி, என்ன நிறம் என்றே சொல்ல முடியாமல் கிடக்கிறது. கரை மட்டும் நேற்றுத் தோய்த்த மாதிரி அதே பச்சை. சைனா நூல், சரோஜா கை.

எனக்குக் கிடைத்திருக்கிற மைக் இந்தப் பத்திரிகை ஒன்றுதான். ஆனால் எங்கள் தெருவில் இதை வாங்குகிறவர்கள் நாலு பேர்கூட இருக்க மாட்டார்கள். ஆகவே இந்த இதழ் கடைக்கு வருகிற வெள்ளிக்கிழமை இரண்டு இடத்தில் இதை வாய்விட்டுப் படிப்பதாக அம்மனிடம் சொல்லியிருக்கிறேன். மதியம், கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில், சரோஜாவுக்கும் அந்தப் பெண்களுக்கும் முன்னால். சாயங்காலம், கோயிலில், மைக்கில்.

வேண்டுதல் சேலையைச் சாத்தினீர்களா என்று கேட்டீர்கள் அம்மா. சாத்தினேன். அந்த வேண்டுதல் இன்னும் தீரவில்லை.